கடை தாண்டாத வண்டி

என் அண்ணன் எனக்குப் பேட்டரி வண்டி வாங்கிக் கொடுத்தது ஒத்தக்கடையில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்கள் யாராவது இருந்தால் அவனே கூப்பிட்டுச் சொல்லிவிடுவான். அந்த வண்டி ஏன் அவன் கடையைத் தாண்டவே இல்லை என்பது மட்டும் ரொம்ப நாளைக்கு இரண்டே பேருக்குத்தான் தெரிந்திருந்தது. ஒருவன் அவன், இன்னொருவர் அதைப் பூட்டிக் கொடுத்த மெக்கானிக். மூன்றாவதாக எனக்குத் தெரியவந்த நாளிலிருந்து நான் அவனை மன்னிக்கவில்லை. இத்தனை வருடம் கழித்து எழுத உட்காரும்போது கோபமெல்லாம் ஆறிவிட்டது என்று நடிக்க எனக்கு இஷ்டமில்லை. அண்ணனைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘வந்தார், சொன்னார்’ என்று மரியாதையாக எழுதுவார்கள். எனக்கு ‘வந்தான், சொன்னான்’ என்றுதான் வருகிறது. அப்படியே எழுதுகிறேன்.

எங்களுக்கு எழுமலைப் பக்கம் ஊர். இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இடுப்புக்குக் கீழே என்னிடம் எதையும் மிச்சம் வைக்கவில்லை. அப்பா இறந்தபின் அண்ணன் மதுரை–மேலூர் ரோட்டில் ஒத்தக்கடையில் சிமெண்டும் கம்பியும் விற்கும் கடை போட்டான். யானைமலையைச் சுற்றிப் பிளாட்டுக் கல் நட்டு, புதுப் புது வீடுகளாகக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். கடை பிடித்துக்கொண்டது. அம்மாவையும் என்னையும் கூட்டிவந்து, கடையிருக்கும் அதே தெருவின் உள்கோடியில் வீடு கட்டினான். தெருவின் ஒரு முனையில் வீடு, மறுமுனையில் மெயின் ரோட்டை ஒட்டிக் கடை. வீட்டிலிருந்து கடை வரை தெரு மெல்ல மேடாக ஏறும்.

நான் வீட்டிலிருந்தபடியே தபால் வழியில் இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கினேன். கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில்தான் வெளியே போய்வந்தேன். அதைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை இரண்டும் தேய்ந்து, சோற்றை வாய்க்குக் கொண்டுபோகக்கூட வலித்தது. டாக்டர் இனிமேல் சுற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு வந்ததுதான் இந்தப் பேட்டரி வண்டி. இரண்டாயிரமாவது ஆண்டுக்கு அப்புறம் முதல் சில வருடங்களுக்குள். அதற்கு முன் எங்கள் பக்கம் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

வண்டி வந்து இறங்கிய அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதை மறைக்க மாட்டேன். அண்ணன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தெருவே கூடி நின்று, “அண்ணன்னா இப்படி இருக்கணும்” என்றது. அவன் வேட்டியை இறக்கிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

பூட்டிக் கொடுக்க வந்த மெக்கானிக் மதுரை டவுனில் இன்வெர்ட்டர் வேலை பார்க்கிறவர். என்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றிருந்த அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

“எம்புட்டு ஸ்பீடு வைக்கட்டும்ணே?”

வண்டியில் உட்கார்ந்திருப்பவள் நான். பட்டம் வாங்கியவள் நான். கேள்வி என் தலைக்கு மேலே போய் அவனிடம் இறங்கியது. இது எனக்குப் பழக்கம்தான். டீக்கடையில்கூட, கூட வந்தவரிடம்தான் “இவங்களுக்குச் சீனி போடலாமா” என்று கேட்பார்கள். அன்றைக்குச் சந்தோஷத்தில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“பொம்பளப் புள்ள. மெதுவாவே வையுங்க” என்றான் அண்ணன்.

அப்புறம் இருவரும் வண்டிக்குப் பின்பக்கம் குனிந்து வெகுநேரம் என்னவோ செய்தார்கள். மெக்கானிக் தானே ஏறி உட்கார்ந்து தெருவில் இரண்டு மூன்று முறை போய் வந்தார். சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சீட்டுக்கு அடியில் இரண்டு பேட்டரி, பின்சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு மோட்டார். வலது கைப்பக்கம் ஒரு சின்னக் குச்சி. அதை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் வண்டி போகும். குச்சிக்குப் பக்கத்தில் சாவி போடும் சுவிட்சு, ஆரன் பொத்தான், பேட்டரி அளவைக் காட்டும் விளக்குகள். நிறைய இருந்தால் பச்சை, குறைந்தால் மஞ்சள், தீரப்போகிறது என்றால் சிவப்பு. சிவப்பு எரிய ஆரம்பித்த பிறகும் வண்டி கொஞ்ச தூரம் ஊர்ந்து போகும், ஓரமாக ஒதுங்கிக்கொள்ள நேரம் கொடுக்கும். அப்புறம்தான் நிற்கும். நின்றால் பிரேக் தானாகக் கவ்விக்கொள்ளும். சைக்கிள் பிரேக் நாம் பிடித்தால் பிடிக்கும். இது கரண்டு இருக்கும்வரை விட்டுக்கொடுக்கும், கரண்டு போன நொடியில் பிடித்துக்கொள்ளும். மேட்டில் பேட்டரி தீர்ந்தாலும் ஆள் பின்னால் உருண்டு போகக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. மற்றவர்கள் தள்ள வேண்டுமென்றால் மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டு லீவரையும் திருப்பிவிட வேண்டும். பேட்டரிகளோடு சேர்த்து நல்ல கனம்.

இதெல்லாம் கெட்டிக்காரத்தனமாகச் செய்த ஏற்பாடுகள். செய்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் என் வண்டிக்கு ஒரு வியாதி இருந்தது. எம்புட்டு நேரம் சார்ஜ் போட்டாலும் தெரு மேடு ஏறி அண்ணன் கடை வாசலுக்கு வந்ததும் நின்றுவிடும். விளக்கு பச்சையில் இருக்கும், அல்லது மஞ்சளுக்கு வந்திருக்கும். சிவப்பை நான் பார்த்ததே இல்லை. டக்கென்று நிற்கும், பிரேக் கவ்விக்கொள்ளும். கடையிலிருந்து லோடுமேன் ஒருவர் ஓடிவந்து லீவரைத் திருப்பி என்னை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவார். அண்ணன் கல்லாவில் இருந்தபடியே சிரிப்பான்.

“பேட்டரி அம்புட்டுதான் பாப்பா. கடை வரைக்கும் வர்றேல்ல, அது போதாதா?”

எனக்கு முப்பது தாண்டியிருந்தது. அவனுக்கு நான் இன்னும் பாப்பா.

விளக்கு மஞ்சளில்தானே இருக்கிறது என்று கேட்டால், “வெளக்கு ரிப்பேரு” என்பான். மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னால், “வாரேன்னு சொல்லிருக்காரு” என்பான். இப்படியே மாதங்கள் ஓடின. நானும் பேட்டரி மட்டமானது போலிருக்கிறது, பாவம் அண்ணன் ஏமாந்துவிட்டான் என்று அவனுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பரிதாபத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அந்தச் சமயத்தில்தான் மெயின் ரோட்டுக்கு எதிர்ப்புறம் ஒரு டுடோரியல் திறந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தவறியவர்களுக்கு இயற்பியல் எடுக்க ஆள் வேண்டும். வீட்டில் என்னிடம் டியூஷன் படித்த பெண்ணின் அப்பா என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். டுடோரியல் நடத்துகிறவர் வீட்டுக்கே வந்து பேசினார். கீழ்த்தளத்திலேயே அறை, படியும் கிடையாது.

“ஒண்ணே ஒண்ணும்மா. தெனமும் நீங்களா வந்து நீங்களா போயிருவீங்களா? எங்களால ஆள் அனுப்ப முடியாது” என்றார்.

“வந்துருவேன் சார்” என்றேன்.

பிறந்ததிலிருந்து யாரும் என்னை எதற்கும் வரச்சொன்னதில்லை. கூட்டிப்போவார்கள், தூக்கிப்போவார்கள், விட்டுவிட்டுப் போவார்கள். நீங்களாக வருவீர்களா என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த வேலை எனக்கு வேண்டும். அதைவிட, அந்த ரோட்டை நானே கடந்து போவது எனக்கு வேண்டும்.

அண்ணன் மதுரைக்குப் பேங்க் வேலையாகப் போன நாளாகப் பார்த்துக் கிளம்பினேன். கடை வாசலில் வண்டி வழக்கம்போல நின்றது. லோடுமேனைத் தள்ளவேண்டாம் என்று சொல்லிவிட்டு வேப்பமர நிழலில் காத்திருந்தேன். பேட்டரி கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் மறுபடி தெம்பு பிடிக்கும் என்பது நான் படித்த பாடம். அப்படியே நடந்தது. சுவிட்சை அணைத்துப் போட்டதும் வண்டி கிளம்பியது. கடையைத் தாண்டினேன். மெயின் ரோட்டில் இறங்கினேன். நடுவில் முதுகு தூக்கியிருக்கும் அந்த ரோட்டில் பாதி ஏறினேன்.

நட்டநடு ரோட்டில் டக்கென்று நின்றது.

அந்த ரோட்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: மேலூர்ப் பக்கமிருந்து கிரானைட் கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்கள் அதை முந்திக்கொண்டு வரும். நான் ஆரனை விடாமல் அமுக்கினேன். ஒரு லாரி சக்கரங்களைத் தேய்த்துக்கொண்டு என் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அதன் வெப்பம் முகத்தில் அடித்தது. ஆட்கள் ஓடிவந்தார்கள். தள்ளிப் பார்த்தார்கள், நகரவில்லை. பின்னால் லீவர் இருக்கிறது, அதைத் திருப்புங்கள் என்று கத்தினேன். ஒருவர் காதிலும் ஏறவில்லை. வண்டியோடு சேர்த்து என்னைத் தூக்கினார்கள். ஒருவன் கை எங்கெல்லாமோ பட்டது. கொண்டுபோய் ஓரமாக இறக்கிவிட்டு, “ஒன்னைய யாரும்மா தனியா விட்டது?” என்று கேட்டார்கள். செய்தி போய், மதுரையிலிருந்து திரும்பிய அண்ணன் சிமெண்ட் மூட்டை ஏற்றும் சின்ன லோடு வேனோடு வந்தான். என்னை மூட்டைகளுக்கு நடுவில் வைத்துத் தெருவழியே கூட்டிப்போனான். வழியெல்லாம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்.

“பாத்தியா?”

மறுநாள் டுடோரியல்காரர் போன் பண்ணி, “வண்டி சரியாகட்டும்மா, பொறவு பாப்போம். அடுத்த பேட்ச் ஆரம்பிக்கையில நீங்களா வந்தீங்கன்னா சந்தோசம்” என்றார். வேண்டாம் என்பதை நாசூக்காகச் சொன்னார்.

அன்றைக்கு ராத்திரி நடந்ததையே மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். லாரியோ தூக்கினவன் கையோ அல்ல என்னை அரித்தது, ஆரன் சத்தம். பேட்டரி தீர்ந்த வண்டியில் ஆரன் கரகரக்கும், ஈனஸ்வரத்தில் இழுக்கும். நடுரோட்டில் நான் அடித்த ஆரன் லாரிச் சத்தத்தையும் மீறிக் கணீரென்று கேட்டது.

மறுநாள் அண்ணன் கடைக்குப் போனதும் நானே கடை வாசல்வரை போய் வண்டியை நிற்கவைத்துத் தள்ளிக்கொண்டு வரச்செய்தேன். வந்த கையோடு, செய்முறைப் பாடத்துக்காக வாங்கிய வோல்ட் மீட்டரை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். சீட்டுக்கு அடியில் குனிந்து சிவப்பு முள்ளை இங்கேயும் கறுப்பு முள்ளை அங்கேயும் வைக்கச் சொன்னேன். அம்மா சாமி கும்பிடுவது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். தீர்ந்துபோன பேட்டரி என்றால் இருபத்து மூன்று வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். இருபத்தைந்தைத் தாண்டி நின்றது. பேட்டரி ஏறக்குறைய நிறைந்திருந்தது.

அம்மாவிடம், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் பின்பக்கப் பெட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லி, அதற்கு நேரே கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே ரப்பர் மூடிக்குக் கீழே இரண்டு சின்னத் திருகுகள். ஒன்று வேகத்துக்கு. இன்னொன்று, எந்த அளவில் பேட்டரி குறைந்தால் வண்டி நிற்கவேண்டும் என்பதற்கு. கம்பெனியில் சரியான அளவு வைத்து, அது அசையாமலிருக்கத் திருகின் மேலும் பெட்டியின் மேலும் சேர்ந்தாற்போல ஒரு சிவப்புச் சாயக்கோடு போட்டிருந்தார்கள். இரண்டிலும் கோடு உடைந்து, திருகிலிருந்த பாதி ஒரு பக்கமும் பெட்டியிலிருந்த பாதி ஒரு பக்கமும் விலகிக் கிடந்தது.

மேட்டில் ஏறும்போது மோட்டார் அதிகமாகக் கரண்டை இழுக்கும், அந்த நேரம் வோல்ட் கொஞ்சம் இறங்கும். அந்தச் சின்ன இறக்கத்தையே ‘பேட்டரி தீர்ந்தது’ என்று வண்டி எடுத்துக்கொள்ளும்படி திருகி வைத்திருந்தார்கள். கடை வாசல் மேட்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். குரலை இனிப்பாக வைத்துக்கொண்டேன்.

“அண்ணே, அந்த ரெண்டாவது திருக எதுக்கு அம்புட்டு ஏத்தி வச்சீங்க?”

“அது ஒங்க அண்ணன் சொன்னதும்மா” என்றார் அவர், ஒளிவுமறைவே இல்லாமல். “கடை வாசல்ல நிக்கிற மாதிரி வைங்க, தாண்டிறக் கூடாதுன்னாரு. ரெண்டு மூணு ரவுண்டு ஓட்டிப் பாத்துத்தான் வச்சேன். ஒங்க சேஃப்டிக்குத்தானம்மா. ஏன், கடைக்கு முன்னாடியே நின்னு போகுதா?”

அவர் குரலில் உண்மையான அக்கறை இருந்தது. இன்னும் சரியாக வைத்துத் தரட்டுமா என்று கேட்டார்.

போனை வைத்தேன். வாங்கிக் கொடுக்காமலே இருந்திருந்தால் நான் அவனை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். போகாதே என்று நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதுவும் நேர்மை. இவன் வண்டியும் கொடுத்து, ஊர்ப் பாராட்டும் வாங்கி, கண்ணுக்குத் தெரியாத கயிற்றில் என்னைக் கட்டிப்போட்டு, மேய்கிற வரை மேயட்டும் என்று கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் நன்றி வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். பாதுகாப்பு என்று அவன் வைத்த அளவுதான் என்னை நட்டநடு ரோட்டில் நிறுத்தியது. அவன் குறைத்துவைத்த வேகத்தில்தான் ரோட்டைக் கடக்க இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. மெதுவாகப் போனால் பத்திரம் என்று சொல்கிறவர்கள் லாரிக்கு முன்னால் மெதுவாகப் போய்ப் பார்த்ததில்லை.

அம்மாவிடம் சொன்னேன். முதலில், “ஒன் நல்லதுக்குத்தான் தாயி செஞ்சிருப்பான்” என்றாள். அப்புறம் மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப ரோட்டுல நின்னதும் இதுனாலதானா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒரு சின்னத் திருப்புளி போதும், அம்மாவை விட்டே இரண்டு திருகையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. எனக்கு அது வேண்டாம். ரகசியமாகத் திருப்பிக்கொண்டால் நாளைக்கு அவனும் ரகசியமாகத் திருப்புவான். ஊருக்கு முன்னால் கொடுத்தவன் ஊருக்கு முன்னால் திருப்பிக் கொடுக்கட்டும். அவன் கையாலேயே திருகட்டும். அதுவரை கறுவிக்கொண்டு காத்திருப்பது என்று முடிவு செய்தேன். காத்திருந்த அந்த நாட்களில் நான் அவனோடு சிரித்துப் பேசினேன், அவன் மனைவி, என் மதினி, வைத்த குழம்பைப் பாராட்டினேன். கடை வாசலில் வண்டி நின்றபோதெல்லாம் “பேட்டரி அம்புட்டுதான்ணே” என்று நானே சொன்னேன். அவனுக்குக் குளிர்ந்துபோயிற்று.

தினசரி காலண்டரைப் பார்த்து நாள் குறித்தேன். அடுத்த பேட்ச் ஒரு வெள்ளிக்கிழமை ஆரம்பிப்பதாக டுடோரியலில் போர்டு வைத்திருந்தார்கள். வளர்பிறை, முகூர்த்த நாள். முகூர்த்த நாளென்றால் ஊரெல்லாம் வீட்டுக்குத் தளம் போடுவார்கள். முதல் சட்டிக் கலவை நல்ல நேரத்தில் விழுந்தாக வேண்டும். அன்று நல்ல நேரம் பத்தேகாலோடு முடிகிறது, அதற்குப் பின்னாலேயே ராகு காலம். அந்த மாதிரி நாளில் அண்ணன் கடையில் கொத்தனார்களும் வீட்டுக்காரர்களும் முண்டியடித்துக்கொண்டு நிற்பார்கள். சிமெண்ட் லாரியும் அன்றைக்குத்தான் லோடு இறக்க வரும். லாரி உள்ளே போக இருப்பது ஒரே ஒரு கேட்.

வெள்ளிக்கிழமை காலையில் என்னைக் குளிப்பாட்டி, நீலக்கலர்ச் சேலையைக் கட்டிவிட்டு, அம்மா என் வண்டிக்குப் பின்னால் போனாள். ஸ்பேனரின் சத்தம் கேட்டது. என் திட்டம் அவளுக்குத் தெரியும், ஆனால் நான் அவளிடம் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை. பிரேக்கை விடுவிக்கும் இரண்டு லீவரையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு நிமிர்ந்தாள்.

“இனி எவனும் தள்ள முடியாதுல்ல?” என்றாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது சிமெண்ட் லாரி கேட்டுக்கு நேராகப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு நடுவில் வண்டியை நிறுத்தினேன். அன்றைக்கு அது தானாக நிற்கும்வரை காத்திருக்கவில்லை. நானே சுவிட்சை அணைத்துச் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன். பிரேக் கவ்விக்கொண்டது. லாரிக்காரர் ஆரன் அடித்தார். அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தான். “பேட்டரி தீந்துருச்சா பாப்பா? டேய், அக்காவ வீட்டுல விட்டுட்டு வா.”

லோடுமேன் வந்து குனிந்து லீவரைத் தேடினார். இல்லை. தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. இன்னும் மூன்று பேர் வந்து சக்கரத்தைப் பிடித்தார்கள்.

“தூக்கலாம்னு நெனைக்காதீங்க. நான் சொல்லாம எம் மேலயோ வண்டி மேலயோ கைய வச்சா இங்கயே கூப்பாடு போடுவேன்” என்றேன்.

நால்வரும் கையை எடுத்துக்கொண்டார்கள். மூத்தவர் அண்ணனைத் திரும்பிப் பார்த்து, “அக்கா சொல்லாமத் தொட மாட்டம்ணே” என்றார்.

அண்ணன் இறங்கி வந்தான். “என்ன பாப்பா வெளையாட்டு? யாவார நேரம்.”

“வெளையாட்டு இல்லண்ணே. இதுக்கு மேல வண்டி ஓடாதுல்ல? ஒனக்குத் தெரியாதா?”

கூட்டத்தில் ஒரு வீட்டுக்காரர் வாட்சைப் பார்த்துக்கொண்டே, “என்னம்மா ஆச்சு வண்டிக்கு?” என்று கேட்டார். அவர் கேட்பார் என்றுதான் நான் காத்திருந்தேன். கடைசியில் நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

“எங்கண்ணன் வாங்கிக் குடுத்த வண்டிங்க. நல்ல வண்டி, நல்ல பேட்டரி. கடையத் தாண்டக் கூடாதுன்னு மெக்கானிக்கிட்டச் சொல்லித் திருகி வச்சுட்டாரு. அதுனாலதான் அன்னைக்கி நடுரோட்டுல லாரிக்கு முன்னாடி நின்னேன். இங்க உள்ள எல்லாரும்தான பாத்தீங்க? தனியா வந்தது எந் தப்புன்னு சொன்னீங்கள்ல?”

என்னை அன்றைக்குத் தூக்கி இறக்கியவர்களில் ஒருவர் அங்கேதான் நின்றிருந்தார், தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகத்தைப் பார்க்க நான் எத்தனை நாள் ஏங்கியிருந்தேன். வயிறாரச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

“வீட்டுல போய்ப் பேசிக்கலாம்” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

“வீட்டுல பேசுனா ஒனக்கு வெளக்கு ரிப்பேரு. இங்கயே பேசுவோம்.”

“தம்பி, நேரம் போகுது. ராகு காலம் வந்துருச்சுன்னா சட்டியத் தொட மாட்டேன்னுருவாக எங்க வீட்டுல” என்றார் வீட்டுக்காரர். கொத்தனார் ஒருவர், “தங்கச்சி என்ன கேக்குதுன்னு கேட்டு முடிச்சுவிடுங்கண்ணே. கலவை ஆளுக நிக்கிது” என்றார். லாரிக்காரர் மறுபடி ஆரனை அமுக்கினார். காலண்டரை நம்பிய எனக்கு அது கைகொடுத்தது. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியிருந்தால் அண்ணன் ஏதாவது பேசிச் சமாளித்திருப்பான். அந்த நல்ல நேரம் அவனுக்கு அவகாசம் கொடுக்கவில்லை.

நான் மடியிலிருந்து திருப்புளியை எடுத்து நீட்டினேன்.

“பின்னாடி பெட்டி. ரப்பர் மூடிக்கு அடியில ரெண்டு திருகு. ஒனக்குத் தெரியும். செவப்புக் கோடு ரெண்டும் ஒண்ணாச் சேர்ற வரைக்கும் திருகு.”

“ஆளு விட்டுச் செய்யச் சொல்றேன்.”

“நீதான் செய்யணும்.”

அவன் சுற்றிலும் பார்த்தான். யாரும் அவனுக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சலவை வேட்டியோடு சிமெண்ட் தூசியில் என் சக்கரத்துக்குப் பின்னால் முழங்கால் போட்டான். எனக்கு அவன் தெரியவில்லை, மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. மூத்த லோடுமேனைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். “இன்னும் கொஞ்சம்ணே… தாண்டிருச்சு, திருப்புங்க… ஆங், கோடு சேந்துருச்சு” என்று அவர் சொன்னார். இரண்டாவது திருகுக்கும் அதே மாதிரி. அளவை இன்னும் இறக்கி வைத்தால் வண்டி கூடுதலாக ஓடும் என்று எனக்குத் தெரியும். அப்படி வைத்தால் பேட்டரி செத்துப்போகும், பாதி வழியில் உண்மையிலேயே தவிக்க நேரிடும். எனக்கு அவன் வைத்த அளவும் வேண்டாம், என் வீம்புக்கு ஒரு அளவும் வேண்டாம். சரியான அளவு போதும்.

அவன் எழுந்திருக்கவில்லை. முழங்காலில் இருந்தபடியே, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டான்.

“ரோட்டுல ஒனக்கு எதுனாலும் ஆயிருச்சுன்னா?”

அவன் நிஜமாகவே பயந்திருக்கிறான் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் என் மனம் இரங்கவில்லை.

“எனக்குத்தானண்ணே ஆகும்” என்றேன்.

சாவியைப் போட்டு சுவிட்சைத் தட்டினேன். பிரேக் விட்டது. கேட்டை விட்டு விலகி, லாரி உள்ளே போக வழி கொடுத்துவிட்டு, கடையைத் தாண்டி ரோட்டோரம் போய் நின்றேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு பஸ் போனது, அதன் பின்னால் இடைவெளி இருந்தது. குச்சியை முழுதாக முன்னால் தள்ளினேன். அந்த வண்டிக்கு அம்புட்டு வேகம் உண்டு என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எதிர்ப்புறம் ஏறியபோது விளக்கு பச்சையில் இருந்தது. டுடோரியல்காரர் வாசலுக்கே வந்து, “நீங்களாவா வந்தீங்க?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு நேராக வகுப்புக்குள் போனேன்.

சாயங்காலம் திரும்பி வரும்போது கடையில் கூட்டமில்லை. அண்ணன் வாசலில் தனியாக நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை நேரமாக நின்றானோ தெரியாது. என்னைக் கண்டதும் ஒரு அடி முன்னால் வந்து, “பாப்பா” என்று கையை நீட்டினான்.

நான் வேகத்தைக் குறைக்கவில்லை.